சுண்டுவிரல் மரத்துப்போகாத ஹேண்டில்பார்

ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் முதலில் சுண்டுவிரல் மரக்கும். அப்புறம் மோதிர விரலின் வெளிப்பாதி. அதற்கும் மேலே ஓட்டினால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே சரியாகத் தெரியாது. ரோடு பைக் ஓட்டும் பலருக்கு இது பழகிப்போன விஷயம். ஒரு கையை எடுத்து உதறிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜெல் வைத்த கையுறை, ஹேண்டில்பாரில் சுற்றும் தடித்த டேப் எல்லாம் போட்டுப் பார்த்தும் என் விரல்கள் அடங்கவில்லை. கடைசியில் ஹேண்டில்பாரையே மாற்றினேன். எதை அளந்தேன், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தேன், எப்படி மாட்டினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த விரல் மரக்கிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் போவது அல்நார் நரம்பு. அது மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில், சுண்டுவிரல் பக்கத்துச் சின்ன எலும்புகளுக்கு நடுவே, குயோன் குழாய் என்கிற குறுகலான வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் அதற்குப் பெரிய தசைப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. உள்ளங்கையின் வெளிப்புற அடிமேட்டில் உடம்பைச் சாய்த்தால் நேரே அந்த நரம்பின் மேல்தான் சாய்கிறோம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் கதை வேறு: அது மணிக்கட்டின் நடுவே கார்பல் டனல் வழியாக வரும் மீடியன் நரம்பு. மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கி வைத்திருந்தால் அந்த வழியில் அழுத்தம் கூடும். ஹேண்டில்பாரின் மேல்பகுதியை, குறுக்கே போகும் நேர்க்குழாயை, நெடுநேரம் பிடிப்பவர்களுக்கு இது வரும்.

என்னுடையது அல்நார். சைக்கிளை விட்டு இறங்கியதும் சரியாகிவிடும் வகை. இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால், அல்லது ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே இடுக்கி இன்னொருவர் இழுக்கும்போது பிடித்துவைக்க முடியாமல் கட்டைவிரல் நுனி மடங்கினால், அதற்கு ஹேண்டில்பார் வைத்தியம் போதாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

ஹேண்டில்பார் மேல் பழி போடுவதற்கு முன் சீட்டைப் பார்த்தேன். சீட்டின் மூக்கு கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தாலும் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது கைகள்தான். ஸ்பிரிட் லெவலை வைத்துப் பார்த்தபோது என் சீட் மட்டமாகவே இருந்தது. சீட் ரொம்ப முன்னால் இருந்தாலும் எடை கைக்கு வரும். பெடலின் மேல் கால் இருக்க, ஹூட்டிலிருந்து, அதாவது பிரேக் லிவரின் தலையை மூடிய ரப்பர் பிடியிலிருந்து, இரண்டு கையையும் ஒரு கணம் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உடம்பு முகங்குப்புறப் போகாமல் அப்படியே நின்றால் சீட் ஏறக்குறைய சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சாலையில் செய்ய வேண்டாம், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னரில் மாட்டிச் செய்யலாம். அடுத்தது டயர் காற்று. 28 மி.மீ. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்ததும் கைக்கு வரும் அதிர்வு கண்கூடாகக் குறைந்தது. கார்பன் ஹேண்டில்பார் அதிர்வை உறிஞ்சும் என்று சொல்வார்கள். டயர் செய்யும் வேலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் விரல் மரத்தது. அப்போதுதான் ஹூட்டின் ரப்பரை உற்றுப் பார்த்தேன். வலது ஹூட்டின் வெளிவிளிம்பில் மட்டும் புள்ளி வேலைப்பாடு தேய்ந்து வழவழவென்று மின்னியது. உள்பக்கத்தில் புள்ளிகள் புதிதுபோல அப்படியே இருந்தன. ஹூட்டுக்குப் பின்னால், ஹேண்டில்பார் கீழே இறங்கிப் போகும் சரிவில், டேப் நசுங்கிக் கறுத்துப்போயிருந்தது. உள்ளங்கையின் வெளிமேடு எங்கே உட்கார்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. உங்கள் சைக்கிளிலும் டேப்பைப் பிரிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

டிரெய்னரில் உட்கார்ந்து, வழக்கம்போல ஹூட்டைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு கோடு, மணிக்கட்டிலிருந்து நடுவிரலின் அடிக்கணுவுக்கு இன்னொரு கோடு. இரண்டும் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். எனக்கு மணிக்கட்டில் நன்றாகவே முறிந்து, கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. ஹூட்டைப் பிடிக்கும்போது கை ஏறக்குறைய கைகுலுக்கும் நிலையில், கட்டைவிரல் மேலாக இருக்கும். அந்த நிலையில் கை கீழே சாய்கிறது என்றால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்குகிறது என்று பொருள். ஏற்கெனவே எடை விழும் இடம், அதிலே மடிப்பு வேறு. நரம்பு கத்தாமல் என்ன செய்யும்.

மேலேயிருந்தும் ஒரு படம் எடுத்தேன். அதில் முன்கைகள் இரண்டும் வெளியே விரிந்து போயின. ஹூட்டுகளோ நேர் முன்னால் பார்த்தன. விரிந்து வரும் கை நேராக நிற்கும் ஹூட்டைப் பிடிக்க மணிக்கட்டு உள்ளே திரும்பத்தான் வேண்டும். அகலமும் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது.

இனி பழைய ஹேண்டில்பாரின் அளவுகள். இதற்கு ஒரு அளவு டேப்பும் மட்டக்கோலும் போதும். ரீச் என்பது, ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) கவ்வும் மேல்குழாயின் மையத்திலிருந்து வளைவு முன்னால் போகும் கடைசிப் புள்ளியின் மையம் வரை கிடைமட்டத் தூரம். டிராப் என்பது, அதே மேல்குழாயின் மையத்திலிருந்து அடிக்குழாயின் மையம் வரை செங்குத்துத் தூரம். என்னுடையது பழைய வட்ட வளைவு: ரீச் 95 மி.மீ., டிராப் 145 மி.மீ., அகலம் 44 செ.மீ. வளைவு மேலேயிருந்தே சரிய ஆரம்பித்து, ஹூட் வரும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஹூட்டை எவ்வளவு மேலே ஏற்றினாலும் அந்தப் பள்ளம் ஆழமாகுமே தவிரப் போகாது. உள்ளங்கை உட்கார்ந்ததோ சரியாக அந்தப் பள்ளத்தின் விளிம்பில்.

ஹேண்டில்பார் வாங்கப் போனால் எல்லாரும் முதலில் அகலத்தைத்தான் கேட்பார்கள். அகலம் முக்கியம்தான், ஆனால் மணிக்கட்டைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது ரேம்ப், அதாவது மேல்குழாய் முன்னால் திரும்பி ஹூட்டில் போய்ச் சேரும் அந்தச் சின்னத் துண்டு. சைக்கிளில் உட்காரும் நேரத்தில் பெரும்பகுதி கை அங்கேதான் இருக்கிறது. ரேம்ப் மட்டமாகப் போய், ஹூட்டின் முதுகோடு இடைவெளியும் மேடுபள்ளமும் இல்லாமல் ஒட்டிக்கொண்டால், உள்ளங்கை முழுவதும் பரவி உட்காரும்; எடை ஒரு புள்ளியில் குவியாது. ஹேண்டில்பார் விளம்பரங்களில் இந்த அளவை யாரும் போடுவதில்லை. பக்கவாட்டுப் படத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஹேண்டில்பாரின் அடிநுனியைக் கொஞ்சம் பின்கீழாகத் திருப்பினால் ரேம்ப் மட்டமாகிறதா என்று படத்தைச் சாய்த்துப் பாருங்கள்.

இப்போது காம்பாக்ட் என்ற பெயரில் வரும் வளைவுகள் பெரும்பாலும் 70 முதல் 80 மி.மீ. ரீச், 120 முதல் 130 மி.மீ. டிராப். ரேம்ப் மட்டமாகப் போவதற்குத் தோதான வடிவம். இன்னொரு நன்மை: அடிப்பகுதியைப் பிடிக்கும்போது வளைவு இறுக்கமாக இருப்பதால் விரல் பிரேக் லிவரை எட்டும். ஆழமான வட்ட வளைவில் அடியைப் பிடித்தால் லிவர் தூரமாகிவிடும்; எட்டிப் பிடிக்க மணிக்கட்டை முறிக்க வேண்டியிருக்கும். பலர் அடிப்பகுதியைத் தொடுவதே இல்லை என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அனட்டாமிக் என்ற பெயரில், அடி வளைவின் நடுவே ஒரு நேர்த்துண்டு வைத்து வரும் பழைய வடிவமும் உண்டு. அந்த நேர்த்துண்டு உங்கள் கை போகும் இடத்தில் இருந்தால் சுகம். இல்லாவிட்டால் அதைத் தவிர்த்துப் பிடிக்கவும் முடியாது. எனக்குப் பிடிக்கவில்லை.

ரீச் குறைவதன் கணக்கை மறந்துவிடக் கூடாது. 95-இலிருந்து 75-க்கு வந்தால் ஹூட் 20 மி.மீ. என்னை நோக்கி வந்துவிடும். அதே அளவை ஸ்டெம்மைக் குட்டையாக்கியும் பெறலாம், ஆனால் ஸ்டெம்மைக் குறைத்தால் மேல்குழாயும் சேர்ந்து கிட்டே வரும், ரேம்ப் அதே சரிவோடு நிற்கும். எனக்கு மேல்குழாய் இருந்த இடம் சரியாகவே இருந்தது. ஹூட் மட்டும்தான் தூரம். அதனால் ஸ்டெம்மைத் தொடவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே சைக்கிள் கட்டையாக, முழங்கால் கையில் இடிக்கிற மாதிரி இருந்தால், ரீச் குறைந்த ஹேண்டில்பாரோடு ஸ்டெம்மை ஒரு அளவு நீட்ட வேண்டி வரலாம்.

அகலத்துக்கு வருவோம். சுவரில் ஒரு தாளை ஒட்டி, முதுகைச் சாய்த்து நின்று, தோளின் மேல்முனையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டை இரண்டு பக்கமும் இன்னொருவரைக் குறிக்கச் சொல்ல வேண்டும். சட்டையின் தோள்தையலை அளக்கக் கூடாது, அது எங்கேயோ இருக்கும். எனக்கு 39 செ.மீ. வந்தது. பொதுவாக இந்த அளவை ஒட்டிய ஹேண்டில்பார் சரியாக இருக்கும். ஒரு சிக்கல்: சில நிறுவனங்கள் அகலத்தைக் குழாய் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கின்றன, சில வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு. லிவர் மாட்டும் இடத்தில் குழாயின் தடிமன் 23.8 மி.மீ. ஆகவே ஒருவருடைய 40 இன்னொருவருடைய 42. இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பந்தய வீரர்கள் காற்றைக் கிழிக்க ரொம்பக் குறுகலான ஹேண்டில்பார் போடும் பழக்கம் பெருகி, சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ 2026 முதல் சாலைப் பந்தயங்களில் வெளியிலிருந்து வெளிக்கு 400 மி.மீ. குறைந்தபட்சம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்தக் குறுகல் நமக்குத் தேவையில்லை. தோளைவிட ரொம்பக் குறைத்தாலும் கைகள் உள்ளே நெருங்கி மணிக்கட்டு எதிர்ப்பக்கம் திரும்பும்.

ஃபிளேர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிப்பகுதி வெளியே விரியும் கோணம் அது. மண்பாதைக்கான கிராவல் பைக்குகளில் 12 டிகிரி, 16 டிகிரி, சிலவற்றில் 20-க்கும் மேலே. விரிவு அதிகமானால் லிவரும் சேர்ந்து சாயும், ஹூட்டின் முதுகும் உள்ளே சாயும். கரடுமுரடான பாதையில் அடியைப் பிடித்து இறங்குபவர்களுக்கு அது நல்லது. சாலையில் ஹூட்டே கதி என்று ஓட்டுபவனுக்கு நாலைந்து டிகிரி போதும். மேல்குழாய் பின்பக்கமாக லேசாக வளைந்திருப்பது, சில டிகிரி பின்வளைவு, மேலே பிடிக்கும்போது மணிக்கட்டுக்கு இதம். மேல்குழாயைத் தட்டையாக்கியும் சிலவற்றில் வரும். உள்ளங்கை அகலமாகப் பரவும், ஆனால் விளக்கு மாட்ட இடம் கிடைக்காது.

இத்தனையும் பார்த்து முடிவு செய்தது: அலுமினியம், மையத்துக்கு மையம் 40 செ.மீ., ரீச் 75, டிராப் 125, ஃபிளேர் 4 டிகிரி, மேல்குழாய் உருண்டையாக. கவ்வும் இடம் 31.8 மி.மீ. இதையும் பார்த்து வாங்குங்கள். பழைய சைக்கிள்களில் 26.0 அல்லது 25.4 இருக்கும், ஸ்டெம்மோடு பொருந்தாது. ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே வார்ப்பாக வரும் வகை பார்க்க அழகு. ஆனால் அதைத் திருப்ப முடியாது. மணிக்கட்டுக் கோணத்தைத் தேடிக்கொண்டிருப்பவர் அதை வாங்குவது வம்பு.

டேப்பைப் பிரித்ததும் பழைய ஹேண்டில்பாரின் வலது லிவர் கிளாம்புக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வியர்வை உப்பு அலுமினியத்தைத் தின்ற அடையாளம். நகத்தால் சுரண்டியபோது பொடிக்கு அடியில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். கை பிரச்சினை இல்லாவிட்டாலும் இதை மாற்றியிருக்க வேண்டியதுதான். டேப்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

கழற்றும் முன், தரையிலிருந்து ஹூட் உச்சி வரை உயரம், சீட் மூக்கிலிருந்து ஹூட் வரை தூரம் இரண்டையும் குறித்துக்கொண்டேன். கேபிள்கள் டேப்புக்கு அடியில் வெளியே ஓடும் வகை என்பதால் லிவரைக் கழற்றாமலே, கிளாம்பைத் தளர்த்தி, குழாயிலிருந்து உருவி எடுக்க முடிந்தது. ரீச் குறைந்ததால் கேபிள் போதாமல் போகும் பயமில்லை. மாறாக முன்னால் கொஞ்சம் தொங்கியது. பெரிய ஹேண்டில்பாருக்கு மாறுபவர்கள், இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிக் கேபிள் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளோ ஆயில் குழாயோ ஹேண்டில்பாருக்கு உள்ளே ஓடும் சைக்கிள் என்றால் இது அரைநாள் வேலை அல்ல, மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

ஸ்டெம்மின் முன்மூடியில் உள்ள நாலு போல்ட்டையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக வரும்படி பார்த்துக்கொண்டேன். என் ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் அவ்வளவே. கார்பன் ஹேண்டில்பார் என்றால் இது கட்டாயம், கூடவே கார்பனுக்கான பிடிப்புப் பசையும் தடவ வேண்டும்.

அடுத்துவருவதுதான் இந்த வேலையின் உயிர். டேப் சுற்றாமல், லிவரைக் கையால் அசைக்க முடிகிற அளவுக்கு மட்டும் இறுக்கி, டிரெய்னரில் உட்கார்ந்து, முதலில் ஹேண்டில்பாரைத் திருப்பி ரேம்ப்பை மட்டமாக்கினேன். அப்புறம் ஹூட்டை ஏற்றி, ரேம்ப்பின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்தால் அது ஹூட்டின் முதுகில் படிந்து நிற்கும் வரை கொண்டுவந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையைக் கீழே தொங்கவிட்டு, மெதுவாகத் தூக்கி ஹூட்டில் வைப்பேன். வைத்த பிறகு கை எந்தப் பக்கம் நகர விரும்புகிறது என்று பார்ப்பேன். இரண்டு கையும் கொஞ்சம் உள்பக்கம் திரும்பப் பார்த்தன. லிவர்களைச் சில டிகிரி உள்ளே திருப்பியதும் அந்த இழுப்பு நின்றது. ரொம்பத் திருப்பினால் அடியைப் பிடிக்கும்போது லிவர் எட்டாது. பந்தய விதிகளும் இந்தச் சாய்வுக்கு வரம்பு வைத்திருக்கின்றன.

இடமும் வலமும் ஒரே உயரமா என்று பார்க்க, இரண்டு ஹூட்டின் மேலும் ஒரு நேர்க்கோலைக் குறுக்கே வைத்து, மேல்குழாயோடு இணையாக ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். லிவர் கிளாம்பை இறுக்கும் போல்ட்டுக்கு அதன் கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள். பொதுவாக 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். கீழே விழுந்தால் லிவர் உடையாமல் திரும்பிக்கொள்ள வேண்டும், அதனால் வெறிகொண்டு இறுக்காதீர்கள். லிவர் எட்டும் தூரத்தைக் குறைக்க லிவரிலேயே ஒரு சின்ன ஆலன் ஸ்குரூ இருக்கிறது. சின்னக் கைக்காரர்கள் பலர் அதைத் தொட்டதே இல்லை. ஹூட்டிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு லிவரைச் சுற்றி வளையும் வரை அதைத் திருப்பினேன். திருப்பிய பிறகு பிரேக் கேபிளைச் சரிசெய்ய வேண்டும், லிவர் குழாயில் இடிக்கக் கூடாது.

உடனே டேப் சுற்றிவிடவில்லை. கேபிள்களை இன்சுலேஷன் டேப்பால் இங்குமங்கும் கட்டிவிட்டு, வெறும் குழாயோடு பக்கத்துச் சாலைகளில் ஓட்டினேன். பார்ப்பவர்களுக்கு விநோதமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் டேப் சுற்றிய பிறகு 3 மி.மீ. லிவரை நகர்த்த வேண்டும் என்று தோன்றினால் யாருக்கும் மனம் வராது, கையே வலியைப் பொறுத்துக்கொள்ளும். வெறும் குழாய் இருந்ததால் வலது லிவரை இரண்டு தடவை சாலையோரத்திலேயே ஆலன் கீயை எடுத்து நகர்த்தினேன். வலது ஹூட் இடதைவிட ஒரு இழை உயரமாக நின்றபோதுதான் கைக்குப் பொருந்தியது. நேர்க்கோலை வைத்தால் தெரியும், கண்ணால் பார்த்தால் தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

டேப் 3 மி.மீ. தடிமன். அடிமுனையிலிருந்து ஆரம்பித்து, வலது பக்கத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாகவும், இடது பக்கத்தை எதிர்ச்சுற்றாகவும் சுற்றினேன். அடியைப் பிடித்து இழுக்கும்போது கை வெளிப்பக்கம் முறுக்கும், டேப்பும் அதே திசையில் இருந்தால் இறுகும், அவிழாது. ரேம்ப்பில் மட்டும் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் அதிகமாக மேலேற்றினேன். அங்கே தனியாக ஜெல் துண்டு வைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். பள்ளம் இல்லாத இடத்தில் மெத்தை வைத்தால் புதிதாக ஒரு மேடுதான் வரும். தடித்த டேப் எல்லாருக்கும் நல்லது என்றும் இல்லை. சின்னக் கைக்கு அது பிடியைப் பெரிதாக்கி, இறுக்கிப் பிடிக்க வைத்து, முன்கையைச் சோர்வடையச் செய்யும்.

மறுபடி பக்கவாட்டில் படம் எடுத்தேன். முழங்கை, மணிக்கட்டு, விரலின் அடிக்கணு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்துவிட்டன. முன்பு ஒரு மணி நேரத்தில் மரத்த சுண்டுவிரல், இப்போது நீண்ட ஓட்டத்தின் கடைசியில், அதுவும் ஹூட்டைவிட்டு அசையாமல் எதிர்காற்றில் ஓட்டினால் மட்டும், லேசாகக் குறுகுறுக்கிறது. கையை ஒரே இடத்தில் வைத்திருந்தால் எந்த ஹேண்டில்பாரும் காப்பாற்றாது. கொஞ்ச நேரம் மேலே, கொஞ்ச நேரம் அடியில் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிராப் 20 மி.மீ. குறைந்ததால் இப்போது அடியைப் பிடிப்பது தண்டனையாக இல்லை, அதனால் மாற்றுவதும் தானாக நடக்கிறது. மேல்குழாயில் நெடுநேரம் பிடித்தால் மட்டும் கட்டைவிரல் பக்கம் இன்னும் லேசாக இழுக்கிறது. இதற்குப் பின்வளைவு இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நான் அங்கே அதிகம் பிடிப்பதில்லை என்பதால் அதற்காக இன்னொன்று வாங்கப் போவதில்லை. மலையேற்றம் அதிகம் ஓட்டுபவர், மேல்குழாயே கதி என்று இருப்பவர், என் பட்டியலைத் தலைகீழாக வைத்து, பின்வளைவை முதலில் பார்த்து, ரீச்சை அப்புறம் பார்க்கட்டும்.